பதினாலு அங்குலமும் பதினேழு அங்குலமும்

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் போன் செய்து, "இந்தத் தடவை நீ பேசணும். பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லு" என்றான். எனக்கு முன்னால் பேசியவர்கள் செயற்கைக்கோள் பற்றியும் சொந்தத் தொழில் தொடங்குவது பற்றியும் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு பெரிய சரக்கெல்லாம் கிடையாது. நான் பேசப் போவது ஒரு பழைய காருக்குப் பெரிய சக்கரம் மாட்டிய கதை. ஒரு காருக்கு நாலு சக்கரம் மாட்ட எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. மெக்கானிக்கல் பட்டம் வாங்கியவன், கார் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று என்பதுதான் பேச்சு.

1984-இல் இங்கே முடித்தேன். 1986-இல் அமெரிக்கா போனேன். சுற்றிச் சுற்றி மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்டுக்கு வடக்கே டிராய் என்ற ஊரில் நிலைத்தேன். கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. அந்த ஊர்ப்பக்கம் மழை, பயிர் பற்றிப் பேச மாட்டார்கள், கார் பற்றித்தான் பேசுவார்கள். எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் கார் தொழிலில் இருந்தார்கள்.

அங்கே 'மசில் கார்' என்று ஒரு ஜாதி உண்டு. நடுத்தர அளவுள்ள குடும்பக் காரின் உடம்புக்குள் பெரிய காரின் வி-8 என்ஜினைத் தூக்கி வைத்தால் அது மசில் கார். 1964-இல் போன்டியாக் ஜிடிஓ வந்ததைத்தான் தொடக்கம் என்று சொல்வார்கள். பத்து வருஷம்கூட அந்த ஆட்டம் நீடிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது, கதை முடிந்தது. ஆனால் அந்தப் பத்து வருஷத்தில் வந்த கார்களை இன்றைக்கும் பெருமாள் உற்சவம் மாதிரி ஊர்வலம் விடுகிறார்கள். டெட்ராய்டிலிருந்து போன்டியாக் ஊர்வரை போகும் உட்வர்ட் அவென்யூவில், 1995-இல் தொடங்கி ஆகஸ்டு மாதத்தில் அந்த விழா நடக்கிறது. தெருவோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து காலையிலிருந்து இரவுவரை கார் பார்ப்பார்கள்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அப்படி ஒரு கார் இருந்தது. 1970-ஆம் வருஷத்து ஷெவர்லே ஷெவெல், எஸ்எஸ் 396. புதிதாக வாங்கியவர் அவரே. அவர் ஒரு கார் தொழிற்சாலையில் டூல் ரூமில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரின் பெயர்தான் 396, அந்த வருஷம் உள்ளே இருந்த என்ஜின் உண்மையில் 402 கன அங்குலம். நம் கணக்கில் 6.6 லிட்டர். கம்பெனி சொன்ன குதிரைத்திறன் 350. மனைவி போன பிறகு அவர் அதை ஓட்டவில்லை. 2008 வசந்த காலத்தில் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு வேணுமா?" என்றார். நான் ஏழெட்டு வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். விலையைக் குறைத்தே சொன்னார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள். எதையும் வெட்டாதே." நான் சரி என்றேன். கை குலுக்கினோம். எழுத்தில் ஒன்றும் கிடையாது.

இப்போது சக்கரத்துக்கு வருகிறேன்.

அந்தக் காரில் வந்தது 14 அங்குல ரிம், 7 அங்குல அகலம். டயர் எஃப்70-14. அந்தக் கால அளவு முறை அது. முதல் எழுத்து டயர் தாங்கும் பாரத்தையும் பருமனையும் சொல்லும், 70 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 14 என்பது ரிம்மின் விட்டம். ரேடியல் டயர் அது இல்லை. நூல்கள் குறுக்கும் மறுக்குமாகப் போகும் பழைய வகை, மேலே கண்ணாடி இழைப் பட்டை சுற்றியது. மிஷெலின் கம்பெனி 1946-லேயே ரேடியலுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. ஆனால் அமெரிக்கர்கள் அதைச் சீண்டவே இல்லை. 1970-இல் லிங்கன் காண்டினென்டல் மார்க் 3-இல்தான் ஓர் அமெரிக்கக் காரில் ரேடியல் வழக்கமான பொருளாக வந்தது. யோசித்துப் பாருங்கள், 350 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,700 கிலோ எடை, கீழே இந்தப் பழைய டயர். நேராகப் போகும்வரை ராஜா. வளைவு வந்தால் பிரார்த்தனைதான்.

ரேடியலில் அதற்கு இணையான அளவு 225/70 ஆர் 14. அது கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் பக்கத்தில் வெள்ளை எழுத்துப் போட்ட அலங்கார டயர். நல்ல பிடிப்புள்ள டயர்களெல்லாம் 17, 18 அங்குலத்துக்கு நகர்ந்துவிட்டன. பிரேக்கும் ஒரு காரணம். 13 அங்குல டிஸ்க் வைக்க வேண்டுமென்றால் 14 அங்குல ரிம்முக்குள் அது நுழையவே நுழையாது. ஆகவே பெரிய சக்கரம் என்பது வெறும் அழகுக்காக மட்டும் இல்லை என்று உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் என் மனைவியிடமும் இதையேதான் சொன்னேன், அவள் நம்பவில்லை. (20 அங்குலம், 22 அங்குலம் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 1970 காருக்கு அது பட்டு வேட்டிக்கு பூட்ஸ் போட்ட மாதிரி இருக்கும். என் அபிப்பிராயம்தான், சண்டைக்கு வராதீர்கள்.)

மாணவர்களே, நோட்டு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், ஒரே ஒரு கணக்கு. 225-இல் 70 சதவீதம் 157.5 மில்லிமீட்டர். அது ஒரு பக்கச் சுவர். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 315. அங்குலத்தில் 12.4. அதோடு ரிம் 14 சேர்த்தால் 26.4 அங்குலம். டயரின் முழு விட்டம் இது. சக்கரத்தைப் பெரிதாக்கும்போது இந்த எண்ணை முடிந்தவரை மாற்றக்கூடாது. ரிம் பெரிதானால் பக்கச் சுவர் சிறிதாக வேண்டும். ஏனென்றால் ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வழியாக ஓடுகிறது. டயர் 28 அங்குலமாகிவிட்டால் 6 சதவீதம் பிழை. முள் 60 காட்டும், நீங்கள் 63-க்கும் மேலே போய்க்கொண்டிருப்பீர்கள். இழுவையும் அதே விகிதத்தில் குறையும்.

இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வினை.

2009 பிப்ரவரியில் என் வேலை போயிற்று. அந்த வருஷம் டெட்ராய்டு எப்படி இருந்தது என்று இங்கே செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஏப்ரல் 30-இல் கிரைஸ்லர் திவால் மனு கொடுத்தது, ஜூன் 1-இல் ஜெனரல் மோட்டார்ஸ். எங்கள் தெருவில் பாதிப் பேர் பகலில் வீட்டில் இருந்தார்கள். பகலில் வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை புல் வெட்டுவான், வெட்டிய புல்லையே மறுபடி வெட்டுவான். நான் காரேஜுக்குள் போனேன். கையில் நேரம் நிறைய, காசு இல்லை. அந்த இரண்டும் சேர்ந்தால் புத்தி எப்படி வேலை செய்யும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும்.

பழைய சாமான் சந்தையில் ஒரு செட் சக்கரம் கிடைத்தது. அதே கம்பெனியின் பிற்கால கார்வெட் காரிலிருந்து கழற்றியது. 17 அங்குல அலுமினியம், பின்பக்க ஜோடி ஒன்பதரை அங்குல அகலம், டயர் 275/40 ஆர் 17. உடனே மனசுக்குள் கணக்குப் போட்டேன். விட்டம் 25.7 வருகிறது, பரவாயில்லை. போல்ட் வட்டம்? ஐந்து போல்ட், நாலேமுக்கால் அங்குலம். என் காரிலும் அதேதான். ஆகா என்று வாங்கி வந்தேன். மாட்டப் போனால், சக்கரம் உள்ளே போய்ச் சேஸிஸில் இடிக்கிறது.

போல்ட் பொருந்துவது வேறு, சக்கரம் பொருந்துவது வேறு. சக்கரத்தின் அகலத்துக்குள் ஹப்பில் உட்காரும் தட்டை முகம் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். அந்த முகத்திலிருந்து ரிம்மின் உள் ஓரம்வரை உள்ள தூரத்தை 'பேக் ஸ்பேஸ்' என்பார்கள். சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு நேர்கம்பை வைத்து, கம்பிலிருந்து அந்த முகம்வரை ஸ்கேல் வைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்தக் கார்வெட் சக்கரத்தில் அது ஏழரை அங்குலம். என் காரில் அதற்கு இடமே இல்லை. ஒரு நிமிஷ வேலை. சந்தையிலேயே செய்திருக்கலாம்.

திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் ஸ்பேசர் வாங்கினேன். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் அலுமினியத் தட்டு. இரண்டு அங்குல கனம் போதுமானது. உள்ளே உரசிவிடுமோ என்ற பயத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று அங்குலம் வாங்கினேன். 'எதற்கும் இருக்கட்டும்' என்பது எந்த டிசைன் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் எல்லா டிசைனிலும் இருக்கிறது. சக்கரம் வெளியே வந்து நின்றது. மட்கார்டு ஓரத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் போயிற்று. அந்த விரல் இடைவெளியை நான் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினேன். முன்பக்கச் சக்கரங்கள் கொஞ்சம் குறுகலானவை, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்டும் உரசின. அதற்கு நான் கண்ட தீர்வு, முழுக்கத் திருப்பாமல் இருப்பது.

ஆகஸ்டு விழாவுக்குப் போனோம். முன்னால் நானும் பெரியவரும், பின்னால் என் மனைவியும் பத்து வயது மகளும், ஒரு பெட்டி நிறைய ஐஸும் பானமும். உட்வர்டில் கூட்டத்தில் ஊர்ந்துதான் போனோம், ஒன்றும் தெரியவில்லை. ஜனங்கள் கையசைத்தார்கள். வேலை போன பிறகு ஆறு மாதத்தில் முதல் தடவையாக நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது கூட்டம் இல்லாத ஒரு குறுக்குச் சாலையில் ரயில்வே கேட். கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கினேன். பின்னால் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் கருகும் வாசனை. மகள், "அப்பா, புகை" என்றாள்.

ஓரம் கட்டினேன். இடது பின் டயரின் தோளில் சுற்றுவாக்கில் ஒரு வெட்டு, உள்ளே நூல் தெரிந்தது. மட்கார்டின் உள்மடிப்பு அரிவாள் மாதிரி சீவியிருக்கிறது. அந்த ஓரத்துக்கு இந்தப் பக்கம், ஒன்றரை அடி தள்ளி, என் மகள் உட்கார்ந்திருந்தாள். நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்தில் அது வெடித்திருந்தால்? அந்தக் கேள்வியை என் மனைவி கேட்கவில்லை. கேட்காமல் பார்த்ததுதான் கஷ்டமாக இருந்தது.

பெரியவர் குனிந்து வெட்டின்மேல் விரலை ஓட்டினார். பிறகு பக்கச் சுவரில் இருந்த எண்ணைப் படித்தார். 1203. 2003-ஆம் வருஷத்துப் பன்னிரண்டாவது வாரத்தில் செய்த டயர். ஆறு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த நாலு இலக்கம் இங்கே விற்கும் டயர்களிலும் இருக்கிறது, இன்று வெளியே போகும்போது உங்கள் வண்டியில் பாருங்கள். நான் அதுவும் பார்க்கவில்லை. டிக்கியில் இருந்த ஸ்டெப்னி பழைய 14 அங்குலச் சக்கரம்தான். அவரே ஸ்பேசரைக் கழற்றி அதை நேராக ஹப்பில் மாட்டினார். ஒரு பக்கம் 26.4, மறுபக்கம் 25.7. விட்டம் வேறு வேறு என்பதால் டிஃபரன்ஷியல் வழியெல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால் மெதுவாக ஓட்டு என்றார். வீடு வரும்வரை அவர் பேசிய இன்னொரு வாக்கியம் இதுதான்: "நீ நிற்கிற காரை அளந்திருக்கிறாய்."

கேட்டுக்கொண்டேன். ஆனால் கேட்டதும் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். டயர் கடைக்காரர் ஒருவர், "உள்மடிப்பை வெட்டி எடுத்துடுங்க, எல்லாரும் அதான் பண்றாங்க" என்றார். புது சக்கரம் வாங்கக் காசில்லை. வாங்கியதைத் தூக்கிப் போடவும் மனசில்லை. ஒரு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு காரேஜில் ஆங்கிள் கிரைண்டரை எடுத்தேன். இடது பின் மட்கார்டு. நாலு அங்குல நீளம் வெட்டியிருப்பேன், பெயின்ட் பொசுங்கிச் சுருண்டது. அந்த வாசனையில் எனக்கு எங்கேயோ போயிற்று ஞாபகம்.

இங்கே, இந்தக் கட்டடத்துக்குப் பின்னால், ஃபிட்டிங் ஷாப். முதல் வருஷம். 'வி' ஜாயின்ட். ஆண் துண்டு, பெண் துண்டு இரண்டும் வெளிச்சம் தெரியாமல் பொருந்த வேண்டும். நான் அவசரத்தில் ராவி ராவி ஆண் துண்டைச் சின்னதாக்கிவிட்டேன். இடைவெளியை மறைக்கச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஷாப் மாஸ்டர் பின்னால் வந்து நின்று, "தம்பி, அரம் எடுத்ததைத் திருப்பித் தராது. புதுத் துண்டு கேட்டு வாங்கு. கேக்க வெக்கப்படாதே" என்றார். அன்றைக்கு நான் கேட்கவில்லை. தட்டியதையே காட்டினேன். பத்துக்கு மூணு மார்க். என் வகுப்புத் தோழர்கள் சிரிப்பது கேட்கிறது. உங்களுக்கும் அதே மூணுதான்.

கிரைண்டரை நிறுத்தினேன். வாக்குக் கொடுத்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

மறைத்திருக்கலாம். உள்மடிப்பு, குனிந்து பார்த்தால்தான் தெரியும். காலையில் நானே போய்க் கதவைத் தட்டி, கூட்டி வந்து காட்டினேன். அவர் தரையில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் வரவில்லை. வேலியோரம் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். அந்த மூன்று வாரத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, கையில் கொஞ்சம் பிளைவுட் பட்டையும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். "ஸ்ப்ரிங்கைக் கழற்று" என்றார். வேறு பேச்சில்லை.

அன்றைக்கு அவர் செய்தது இது. பின் ஆக்ஸிலின் இரண்டு காயில் ஸ்ப்ரிங்கையும் கழற்றிவிட்டோம். காரின் உடம்பை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலை மட்டும் ஜாக்கியால் மேலே தூக்கினோம். பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கும்வரை. அதுதான் ரயில்வே கேட். பிறகு ஹப்பின் முகத்தையே ஆதாரமாக வைத்து, அங்கிருந்து உள்ளே சேஸிஸ்வரை எவ்வளவு, வெளியே மட்கார்டு ஓரம்வரை எவ்வளவு என்று ஒவ்வோர் உயரத்திலும் அளந்தோம். பிளைவுட்டில் டயரின் பாதி வெட்டுத் தோற்றத்தை அறுத்து, ஹப்பில் போல்ட் போட்டுப் பொருத்தி, கையால் சுழற்றிப் பார்த்தோம். ஆக்ஸிலை ஒரு பக்கம் மட்டும் தூக்கினோம், ஏனென்றால் பள்ளம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து வராது. கடப்பாரை போட்டு ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நெம்பினோம். ரப்பர் புஷ் கொடுக்கும் அசைவையும் குறித்தார். முன்பக்கத்தில் இதையெல்லாம் செய்து, ஒவ்வோர் உயரத்திலும் ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்பினோம்.

ஒரு விஷயத்தில் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. இடது பக்கத்தில் இடைவெளி வலது பக்கத்தைவிடக் கால் அங்குலத்துக்கும் மேலே குறைவு. உடம்பு சேஸிஸின் மேல் நட்டநடுவில் உட்காரவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்ததே அப்படி. "அந்தக் காலத்தில் இவ்வளவு வித்தியாசம் விடுவோம்" என்றார், தானே செய்த தப்பு மாதிரி. நான் ஒரு விரல் விட்டுப் பார்த்துப் பெருமைப்பட்டது வலது பக்கம். வெட்டுப்பட்டது இடது பக்கம்.

அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து வந்த எண்கள்: பின்னால் 17 அங்குலம், 9 அகலம், பேக் ஸ்பேஸ் 5 அங்குலம், டயர் 255/50 ஆர் 17. விட்டம் 27.0. முன்னால் 17 அங்குலம், 8 அகலம், டயர் 245/45 ஆர் 17. விட்டம் 25.7. பின்னால் சற்று உயர்ந்து முன்னால் தாழ்ந்து நிற்கும், அந்தக் கார்களின் நிற்கும் லட்சணமே அதுதான். 275 அகலம் போகுமா என்றால், வலது பக்கம் போகும். கார் என்பது இரண்டு பக்கமும் சேர்ந்தது. இது என் காரின் எண், இன்னொரு ஷெவெலுக்கு இதை எடுத்துப் போய் அப்படியே மாட்டாதீர்கள்.

சக்கரம் வாங்க எனக்கு 2010 இலையுதிர் காலம்வரை ஆயிற்று. அந்த வருஷம் மே மாதம் திரும்ப வேலை கிடைத்தது. கார்வெட் சக்கரங்களை, என்ன குறை என்று சொல்லியே, கார்வெட் வைத்திருந்த ஒருவருக்கு விற்றேன். டயரை மட்டும் விற்கவில்லை.

மாட்டியபோது கற்றுக்கொண்ட சில்லறை விஷயங்கள் இரண்டு மூன்று உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலுமினியச் சக்கரத்தின் தட்டு கனமானது, பழைய ஸ்டட் நீளம் போதாமல் போகலாம். நட்டுக்குள் மரை குறைந்தது ஸ்டட்டின் விட்ட அளவுக்காவது பிடிக்க வேண்டும். எங்களுக்கு அது போதவில்லை, நீளமான ஸ்டட் அடித்தோம். நட்டின் அடிப்பாகம் கூம்பா தட்டையா என்பது சக்கரத்தின் துளையோடு ஒத்துப்போக வேண்டும். நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால் முறுக்கி, நூறு மைலுக்குள் மறுபடி பார்க்க வேண்டும். ரேடியலுக்கு மாறினால் முன்சக்கரத்தின் கேஸ்டர் கோணத்தையும் மாற்ற வேண்டும், 1970 புத்தகத்தில் இருப்பது பழைய வகை டயருக்கான எண். இன்னொன்று, பக்கச் சுவர் குறைந்தால் ரிம்முக்குக் கவசம் குறைகிறது. மிச்சிகனில் மார்ச் மாதம் பனி உருகி ரோட்டில் குழி விழும். 2014 வசந்தத்தில் ஒரு ரிம் அப்படி வளைந்தது. 14 அங்குலமாக இருந்தால் டயரே அதை வாங்கிக்கொண்டிருக்கும். ஆக, எல்லாம் லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரேக்கும் வளைவும் நன்றாக ஆயின. பழைய மெத்தை மாதிரி சவாரி போயிற்று. என் மனைவிக்குப் பழையதுதான் பிடிக்கும்.

வெட்டிய மட்கார்டு? அதே 2009 அக்டோபரில் அவர்தான் ஒட்டக் கற்றுக்கொடுத்தார். மெல்லிய தகடு, சூடு ஏறினால் நெளிந்துவிடும். ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, எதிர்முனையில் இன்னொரு பொட்டு. நாலு அங்குலத்துக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. நடுவில் அவருடைய பென்ஷன் என்ன ஆகும் என்று அவரும், என் வேலை என்ன ஆகும் என்று நானும் பேசிக்கொண்டிருந்தோம். வெட்டியதைப் பற்றி அவர் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

2010 அக்டோபரில், புதுச் சக்கரத்தோடு அவரை ஓட்டச் சொன்னேன். பின்னால் என் மகள், மனைவி, ஒரு சிமென்ட் மூட்டை. மூட்டை அவருடைய யோசனை. நேராக அதே ரயில்வே கேட்டுக்குத்தான் கொண்டு போனார். வேகத்தைக் குறைக்காமல் ஏறினார். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து இன்னொரு தடவை ஏறினார்.

அவர் 2016-இல் காலமானார். அவர் கொடுத்த நாலு பழைய சக்கரமும் ஸ்டெப்னியும் என் காரேஜ் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. என் மகளுக்குக் கார் போகும்போது அவையும் போகும். இடது பின் மட்கார்டின் உள்ஓரத்தில் விரலை வைத்தால் ஒட்டு இன்னும் தட்டுப்படும், நான் அதை ராவி மழுப்பவில்லை.

சாப்பாட்டு மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கிறது. பின் வரிசையில் கை தூக்கிய தம்பி, உங்கள் பைக்குக்கு அகல டயர் பற்றித்தானே கேட்கப் போகிறீர்கள்? கேளுங்கள்.